எட்டாம் பக்கத்து ஆள்

தாமரை எழுதும் ப்ரப்போசலில் எட்டாம் பக்கம் பொய். மற்றப் பக்கங்களெல்லாம் சத்தியமா என்று கேட்டால் அதற்கும் கொஞ்சம் இழுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் எட்டாம் பக்கம் மாதிரி முழுப் பொய் வேறெங்கும் கிடையாது.

அவள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாமரை டிசைனர். முதலாளி, மாதச் சம்பளம், பஞ்ச் கார்டு எதுவும் இல்லாத டிசைனர். கே.எல். நகரத்துப் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் வீடு. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். கடைக்குப் பெயர்ப்பலகை, உணவகத்துக்கு மெனு, மசாலா பாக்கெட்டுக்கு உறை, கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் என்று எது வந்தாலும் செய்து கொடுப்பாள். ஆனால் எந்த வேலையும் தானாக வந்து மடியில் விழுவதில்லை. முதலில் ப்ரப்போசல் எழுத வேண்டும். உங்கள் வியாபாரத்தை நாங்கள் இப்படிப் புரிந்துகொண்டோம், உங்களுக்கு இன்னது தேவை, அதை இந்த விதமாகச் செய்வோம், இத்தனை வாரம் ஆகும் என்று பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு அடுக்க வேண்டும். அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். விழும். படித்துவிட்டான் மகராசன். பதில்? அதை மட்டும் கேட்கக் கூடாது. ஊமைக்குப் பிறந்தவர்கள் மாதிரி ஒரு சத்தமும் வராது. இரண்டு வாரம் கழித்து விசாரித்தால், "என் அக்கா மகன் கம்ப்யூட்டர்ல சும்மா போட்டுக் குடுத்துட்டான்லா" என்பார்கள். இந்த வாயில்லாப் பூச்சி அதற்கும் ஒரு ஸ்மைலி போட்டு அனுப்பும்.

எட்டாம் பக்கத்தின் தலைப்பு 'எங்கள் குழு'. அதில் இரண்டு படங்கள். ஒன்று தாமரை. இன்னொன்று யுகேந்திரன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடை வரிசைக்கு முன்னால் நின்று, யாரோ என்னவோ சொன்னதற்குப் பல் தெரியச் சிரிக்கிற யுகேந்திரன். படத்துக்குக் கீழே 'தமிழ் எழுத்துக் கலைஞர்' என்று போட்டு நாலு வரி. அந்த ஆள் அவளை விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது.

போனவன் படம் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? முதலில் சோம்பேறித்தனம். அப்புறம், ஒற்றைப் பெண் என்றால் கிளையண்ட் பேரம் பேசுவான், கூட ஓர் ஆண்பிள்ளை இருந்தால் மரியாதை என்று ஒரு கணக்கு. இதெல்லாம் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மை என்னவென்றால் அவளுக்கு அந்தப் படத்தை எடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பக்கத்தைத் திறந்து அவனுடைய அனுபவத்தில் ஒரு வருடத்தைக் கூட்டுவாள். எந்தக் கூட்டத்துக்கும் அவன் வராததற்குக் காரணம் வேண்டுமே, அதற்காக 'தற்போது பினாங்கிலிருந்து வடமாநில வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்கிறார்' என்று ஒரு வரியைச் சேர்த்தாள். வடமாநிலத்தில் அவளுக்கு ஒரு வாடிக்கையாளரும் இல்லை.

இருவரும் செராஸில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். படித்து முடித்ததும் அந்தச் சாப்பாட்டு மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தொழிலை ஆரம்பித்தார்கள். அவள் எழுதுவாள், பக்கம் அமைப்பாள். அவன் எழுத்து வரைவான். இந்த ஊரில் கடைப்பலகை என்றால் மலாய்தான் பெரிதாக இருக்க வேண்டும். தமிழுக்குக் கிடைப்பது அடியில் ஒரு துண்டு இடம். அந்தத் துண்டுக்குள் எழுத்தின் கழுத்தை நெரிக்காமல், தெருவில் போகிற பேருந்திலிருந்து பார்த்தாலும் படிக்கிற மாதிரி வரைவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை யுகேந்திரனுக்கு இருந்தது. அவன் வரைந்துகொண்டிருக்கும்போது தாமரை தன் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் நிமிர்ந்தால் உடனே கீபோர்டைத் தட்டுவாள். இப்படியே ஆறு வருடம்.

பிறகு ஒரு பெரிய நிறுவனத்துக்காக இரண்டு மாதம் இருவரும் ராப்பகலாக உழைத்து ஒரு ப்ரப்போசல் அனுப்பினார்கள். பதில் இல்லை. கேட்டு எழுதினார்கள், அதற்கும் இல்லை. கடைசியில் ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த நிறுவனத்தின் புது விளம்பரம் எழும்பி நின்றபோதுதான் வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்று தெரிந்தது. அதற்கு அடுத்த வாரம் யுகேந்திரன் சொன்னான். "பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்ல ஒரு கம்பெனியில கூப்பிடறாங்க. பிஸ்கட் பெட்டி டிசைன் பண்ற வேலை. போகட்டுமா?"

போகட்டுமா என்று கேட்டான், கவனியுங்கள். போகிறேன் என்று சொல்லவில்லை. அதற்கு இவள் சொன்ன பதில்: "நல்ல ஆஃபர்தான்லா. போயேன்." வாயைத் திறந்து போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? யாரோ முன்பின் தெரியாத மளிகைக்கடைக்காரருக்கு என்ன வேண்டும் என்று பன்னிரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அவன் போனான். அன்றிலிருந்து தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

இப்படி இருக்கும்போது கிள்ளானிலிருந்து ஜபருல்லா பாய் கூப்பிட்டார். தெங்கு கிளானா சாலையில் 'நூருன்னிசா உணவகம்' வைத்திருக்கிறவர். நூருன்னிசா அவருடைய மனைவி. சுங்கை பூலோவில் புதுக் கிளை திறக்கப் போகிறார். பலகை, மெனு, மசாலா பாக்கெட் என்று எல்லாமே புதிதாக வேண்டும். தாமரை அனுப்பிய ப்ரப்போசலை அவர் உண்மையிலேயே கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார். அது முதல் அதிசயம்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேம்மா," என்றார். "சனிக்கிழமை மத்தியானக் கூட்டம் அடங்கினதும் ரெண்டு பேரும் கடைக்கு வந்துடுங்க."

"ரெண்டு பேருமா பாய்?"

"எட்டாம் பக்கத்துல ரெண்டு பேரு இருக்கீங்கள்ல? போன தடவ ஒருத்தன் பன்னெண்டு பேரு படம் போட்டு அனுப்பினான். நேர்ல போய்ப் பாத்தா கெப்போங்ல ஒரு ரூம்ல அவன் ஒருத்தன், ஒரு பூனை. அதுலேர்ந்து காகிதத்துல இருக்கற ஆளுங்கள எல்லாம் உக்கார வச்சு, சோறு போட்டு, மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் வேலை குடுக்கறது."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவும் நினைத்தாள். ஆனால் யுகேந்திரனைக் கூப்பிட அவளுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. "வந்துடறோம் பாய்," என்றாள்.

யுகேந்திரன் இரண்டாவது மணியிலேயே போனை எடுத்தான்.

"என்ன தாமர, தீவாளிக்கு இன்னும் நாள் இருக்கே."

"சனிக்கிழம ஃப்ரீயா? கிள்ளான்ல ஒரு மீட்டிங். நீ ஒண்ணும் பண்ண வேணாம். பழைய பார்ட்னர்னு சும்மா கூட வந்து உக்காந்தா போதும்."

"நான் எதுக்கு?"

"கிளையண்ட் ரெண்டு பேரையும் பாக்கணும்னு சொல்றாரு."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. "வரேன்லா," என்றான் அவன். "ரொம்ப நாளாச்சு ஒரு கிளையண்டப் பாத்து."

போனை வைத்துவிட்டு தாமரை ஒரு முடிவுக்கு வந்தாள். வேலை கிடைக்கட்டும், கிடைக்காமல் போகட்டும். இந்தத் தடவை கேட்டுவிடுவது. திரும்பி வந்துவிடு என்று கேட்பது. மேசைக்கு மட்டுமில்லை, மொத்தமாக வந்துவிடு என்று.

சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில் அவன் பட்டர்வொர்த் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது அவளுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். தோளில் அந்தக் கம்பெனி பேர் அச்சடித்த பை. எட்டாம் பக்கத்து யுகேந்திரனையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவன் அவனுடைய அண்ணன் மாதிரி தெரிந்தான். பிறகு சிரித்தான். அப்போது சரியாகிவிட்டது.

கிள்ளான் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்ததும், "ப்ரப்போசலக் காட்டு. படிச்சாத்தான நாலு வார்த்தை பேச முடியும்," என்றான். அவள் டேப்லட்டைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டாலிங் போனது, சுபாங் ஜெயா போனது. அவன் ஏழாம் பக்கத்தைத் தள்ளினான். அப்புறம் விரல் நகரவேயில்லை.

"ஒம்பது வருச அனுபவம்," என்று மெதுவாகப் படித்தான். "வடமாநில வாடிக்கையாளர்கள்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். அவளுக்கு ரயில் கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று இருந்தது.

"இந்த ஆளு நல்லா இருக்கானே தாமர," என்றான். குரலில் கோபம் இல்லை. "மூணு வருசமா நான் ஒரு எழுத்துகூட வரையல. இவன் வரைஞ்சுட்டே இருந்திருக்கான்."

"எடுக்கணும்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"மறந்தவ வருசா வருசம் நம்பர மாத்துவாளா?"

அவள் காது மடல் சுட்டது. அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. டேப்லட்டை மூடிக் கிள்ளான் வரை கையிலேயே வைத்திருந்தான்.

ஜபருல்லா பாய் கடைக்கு நடுவில் மேசை போட்டு வைத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம் மட்டும் பளபளவென்று. யுகேந்திரனை மேலும் கீழும் பார்த்தார். எட்டாம் பக்கப் படத்தோடு மனசுக்குள் ஒத்துப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. பிறகு, "உக்காருங்க, மொதல்ல சாப்பாடு," என்றார். மீன் தலைக்கறி வந்தது, நண்டு வந்தது. வேண்டாம் என்றால் விடுகிற ஆளாக அவர் இல்லை. தட்டில் கை வைத்ததிலிருந்து யுகேந்திரனின் கண் வெளியிலேயே இருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினான்.

"எங்க தம்பி போறாரு?" என்றார் பாய்.

"போர்டப் பாக்கப் போறாரு பாய்," என்றாள் தாமரை. அவளுக்குத் தெரியும். பழைய பழக்கம். கடைக்கு முன்னால் நின்று பலகையைப் படிக்கிறவன் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டவன், தெருவில் தன் பாட்டுக்குப் போகிறவன் கண்ணில் விழுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்பான். லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓடுகிற அந்தச் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றான். அப்புறம் ஒரு வழிப்போக்கன் மாதிரி நடந்தான். தலையை லேசாகச் சாய்த்து, நடந்துகொண்டே பலகையைப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடியும் நடந்தான்.

தாமரை எழுந்து கடைக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் போய்த் தூணோரம் நின்றாள். அங்கிருந்து அவன் கையைக் காட்டினான், விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தான். அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை, பேசியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது. இருந்தும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. "வெயிலு நேரா அடிக்குது பாய்," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "சாயங்காலம் இந்தப் பலகையப் படிக்கவே முடியாது. சுங்கை பூலோ கடையும் மேற்குப் பாத்ததுதானே? பளபளப்பு வேணாம், மங்கலா ஒரு நெறம் வைக்கணும்."

யுகேந்திரன் சாலையைத் தாண்டி வந்து, நெற்றியில் வேர்வையோடு, அதையே சொன்னான். பாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அரை மணி நேரம் அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். அவன் ஆரம்பித்ததை அவள் முடித்தாள், அவள் தேடிய வார்த்தையை அவன் எடுத்துக் கொடுத்தான். அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் 'நூருன்னிசா' என்று வரைந்து காட்டினான். முதல் இரண்டு எழுத்தும் கோணலாக விழுந்தன. மூன்றாவதிலிருந்து கை ஓடியது. தாமரை இதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கினாள். இந்த மேசையும் இந்த ஆளும் இந்தப் பேச்சும் இப்படியே இருந்துவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்தாள்.

பாய் அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்தார். மனைவி பேரை ரொம்ப நேரம் பார்த்தார். "கல்யாணமாகி எத்தன வருசம்?" என்றார்.

தாமரை வாயைத் திறந்தாள். இல்லை பாய் என்று சொல்லத்தான் திறந்தாள்.

"பன்னெண்டு வருசமாத் தெரியும் பாய்," என்றான் யுகேந்திரன் முந்திக்கொண்டு. அது பொய்யில்லை. பதிலும் இல்லை.

"அதான் பாத்தேன்," என்றார் பாய். "திங்கக்கிழமை வேலைய ஆரம்பிச்சுடுங்க. போர்டு வேலைக்குத் தம்பி கூடவே நிக்கணும்." புறப்படும்போது வீட்டுக்கு என்று பிரியாணியைப் பொங்குஸ் கட்டிக் கொடுத்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பொட்டலம்.

திரும்புகிற ரயிலில் கூட்டம் இல்லை. யுகேந்திரன் இன்னும் அந்த எழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல முடியாது. பாயின் கல்யாணக் கேள்விக்கு அவன் மறுப்புச் சொல்லவில்லையே என்பதையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தாள். ஆசைப்பட்டவளுக்கு ஒரு நூல் கிடைத்தால் போதும், அதில் கயிறே திரித்துவிடுவாள்.

ஷா ஆலாம் தாண்டியதும் சொன்னாள். "யுகா, வந்துடு."

"எங்க?"

"இங்க. எங்கிட்ட. வேலைக்கு மட்டும் சொல்லல."

சொல்லிவிட்டாள். ஒன்பது வருடமாகத் தொண்டையில் நின்றதை, குளிரூட்டி உறுமுகிற ஒரு கொமுட்டர் பெட்டியில், மடியில் பிரியாணிப் பொட்டலத்தோடு சொல்லிவிட்டாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து எதிர் சீட்டைப் பார்த்தாள்.

"யோசிச்சு..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நிறுத்திவிட்டான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு இவர்கள் இருவரும் எத்தனை முறை நம்பிக் காத்திருந்திருக்கிறார்கள். சொன்ன ஒருவர்கூட யோசித்ததில்லை, சொன்னதுமில்லை.

"இல்ல," என்றான் அவன். "ஒங்கிட்ட நான் அப்படிச் சொல்லக் கூடாது. நான் வரல தாமர."

அவள் தலையை ஆட்டினாள். என்னவோ விலாசத்துக்கு வழி கேட்டுத் தெரிந்துகொண்டவள் மாதிரி ஆட்டினாள்.

"அன்னிக்கிக் கேட்டிருந்தா?"

"அன்னிக்கிப் போகட்டுமான்னு கேட்டேனே. நீ வேணாம்னு சொல்லுவன்னுதான் கேட்டேன்." அவன் தோள்பையை மடிக்கு இழுத்துக்கொண்டான். "மொத வருசம் பூரா ஒன் போனுக்காகப் பாத்துட்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் பாக்கறத விட்டுட்டேன். விட்டப்புறம்தான் தூக்கம் வந்துச்சு. அங்க அஞ்சரைக்கு வெளிய வந்துடறேன், கடலோரமா நடக்கறேன். யாரு பதில் சொல்லுவாங்கன்னு பாத்துக் கெடக்கறதில்ல. மறுபடியும் அந்த ஆளா என்னால ஆக முடியாது."

"இன்னிக்கு அப்படித்தான் இருந்தே."

"இன்னிக்கு ஒரு நாளு. ஒன் எட்டாம் பக்கத்துல இருக்கானே, அவன் நல்லவன். மூணு வருசமா ஒன்ன விட்டுப் போகாம இருந்திருக்கான். நான் போயிட்டேன்லா தாமர."

அவளுக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். எதிரில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவி பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். யுகேந்திரன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான், அவள் வாங்கிக்கொண்டாள்.

"போர்டு எழுத்த நான் அங்கேர்ந்து வரைஞ்சு அனுப்பறேன்," என்றான் பந்தாய் டாலாம் நிலையம் வந்தபோது. "ஒனக்கு வேலை போயிடக் கூடாது."

"வேணாம்," என்றாள். "அனுப்பினா அடுத்ததுக்கும் அனுப்புவியான்னு பாத்துட்டிருப்பேன்."

கே.எல். சென்ட்ரலில் அவனுடைய ரயிலுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. இருவரும் காப்பி குடிக்கப் போகவில்லை. பொட்டலத்தை அவள் அவன் கையில் கொடுத்தாள். ரயிலில் பசிக்கும் என்றாள். அவன் வாங்கிக்கொண்டு, "ஒடம்பப் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு நுழைவாயிலுக்குள் போனான். இறங்குகிற படிக்கட்டில் அவன் தலை மறைகிற வரை பார்த்துவிட்டு, தாமரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"பாய், தாமரை பேசறேன்."

"சொல்லும்மா. வீடு போய்ச் சேந்தாச்சா?"

"இல்ல பாய். ஒரு விசயம் சொல்லணும். யுகேந்திரன் எங்கூட வேலை செய்யல. போய் மூணு வருசமாச்சு. இன்னிக்கு எனக்காக வந்தாரு, இப்பத் திரும்பிப் போறாரு. அவரு என் புருஷனும் இல்ல. எட்டாம் பக்கத்துல நெஜமா இருக்கறது நான் ஒருத்திதான்."

அந்தப் பக்கம் தட்டுகள் மோதுகிற சத்தமும், யாரோ தே தாரிக் டீ கேட்டுக் கூவுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன.

"யோசிச்சுட்டுச் சொல்றேம்மா," என்றார் பாய்.

"இல்ல பாய், இப்பவே சொல்லிடுங்க. குடுக்கலன்னாலும் அதையே சொல்லிடுங்க. நான் கேட்டுக்கறேன்."

தான் ஒரு கிளையண்டிடம் இப்படிப் பேசுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பாயும் எதிர்பார்த்திருக்க மாட்டார். அவர் எழுந்து எங்கோ நடப்பது கேட்டது, சத்தம் குறைந்தது.

"மெனுவும் பாக்கெட்டும் நீ செய்," என்றார். "அது ஒன் கை, நான் பாத்துட்டேன். போர்டு ஒனக்குக் கெடையாது. அதுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். காகிதத்துல பொய் எழுதினதுக்கு அதாவது போகட்டும்."

"சரி பாய். நன்றி."

"இரும்மா, வச்சுடாத. என் மேல தப்பு இருந்தாச் சொல்லு. புருஷன் பொண்டாட்டின்னு நான் ஒன் பேப்பரப் பாத்து நெனக்கல. அந்தத் தம்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னப்ப, நீ தூண் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒரு பார்வை பாத்தே. என் சம்சாரம் கல்யாணமான புதுசுல என்னை அப்படிப் பாத்திருக்கா. அதப் பாத்துட்டுத்தாம்மா கேட்டேன். அவருக்கு அது தெரியாதா?"

கீழே பட்டர்வொர்த் ரயில் புறப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் முதலில் மலாயிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்கள். தாமரை இரண்டையும் முழுக்கக் கேட்டாள்.

"தெரியாது பாய்," என்றாள். "அவரு போர்டத்தான் பாத்துட்டிருந்தாரு."